நாற்பத்தேழு வயதில் துறை மாறுவது: நம் 1999 இயந்திரவியல் வகுப்பினருக்கு ஒரு கேள்வி

நொய்யல்கரை (சென்னை):

நண்பர்களுக்கு வணக்கம். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே கேள்வி காணாமற்போய்விடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். 1995இல் சேர்ந்து 1999இல் பாரதியார் பல்கலைக்கழகப் பட்டத்தோடு வெளியே வந்த நம் வகுப்பில் பெரும்பாலோர் முதல் வேலையிலேயே துறை மாறியவர்கள். லேத்தும் வெப்ப இயக்கவியலும் படித்துவிட்டு, 2000ஆம் ஆண்டுக் கணினிப் பிழையைச் சரிசெய்யும் அவசரத்தில் ஆள் எடுத்த மென்பொருள் நிறுவனங்களில் போய், கோபோல் என்ற பழைய கணினி மொழியைக் கற்றுக்கொண்டு உட்கார்ந்தோம். அதை அன்று யாரும் வாழ்க்கைத் திருப்பம் என்று சொல்லவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்றுதான் வீட்டில் சொன்னோம்.

மூன்று நிறுவனங்கள் மாறினாலும் அந்த வழியிலேயேதான் இன்றுவரை இருக்கிறேன். இப்போது வங்கி மென்பொருள் திட்டங்களுக்கு டெலிவரி மேலாளர். நிரல் எழுதுவதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. யார் வாடிக்கையாளர் பணம் கொடுக்கும் பில்லிங்கில் இருக்கிறார், யார் திட்டம் எதுவும் இல்லாமல் பெஞ்சில் இருக்கிறார் என்று எக்செல் தாளில் ஆள்கணக்குப் பார்ப்பதும், வாரந்தோறும் வாடிக்கையாளருக்கு நிலை அறிக்கை கொடுப்பதும்தான் என் வேலை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின், பத்துப் பேர் செய்ததை ஆறு பேரை வைத்து முடித்துத் தரமுடியுமா என்று வாடிக்கையாளரே பேரம் பேசுகிறார். ஆட்கள் குறைந்தால் அவர்களை மேய்ப்பவர்களும் குறையவேண்டும் என்பது எனக்குப் புரியாததல்ல. என்னை யாரும் போகச் சொல்லவில்லை. சொல்லும்வரை காத்திருக்கவேண்டுமா என்பதுதான் இப்போது என் யோசனை.

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக்கடன் முடியும் தறுவாயில் இருக்கிறது. மனைவி பகுதிநேரமாக இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறார். திருப்பூரில் இருக்கும் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். என் மனத்தில் இரண்டு வழிகள் ஓடுகின்றன: ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியில் ஆசிரியராகப் போவது, அல்லது உடுமலைப் பக்கம் தாத்தா விட்டுச்சென்ற நான்கு ஏக்கரைப் பார்த்துக்கொள்வது. மாறியவர்கள், மாறிவிட்டுத் திரும்பியவர்கள், மாறாமலே இருப்பவர்கள் எல்லாரும் எழுதுங்கள். மனம் சொல்வதைக் கேள் என்கிற வகை அறிவுரை இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, அது வேண்டாம். பணம் எப்படி ஓடியது, வீட்டில் என்ன பேச்சு வந்தது, பழைய வேலையிலிருந்து எது கைகொடுத்தது என்பதைச் சொன்னால் போதும்.

ஆழியாறு (பொள்ளாச்சி):

நண்பா, நான்கு ஏக்கர் என்று நீ எழுதியதைப் பார்த்ததும் மற்ற வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நான் 2017இல் பெங்களூரு வேலையை விட்டுத் தென்னந்தோப்புக்கு வந்தேன். இயற்கை மீது காதல் கொண்டு வரவில்லை. அப்பாவால் நடக்க முடியவில்லை, அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான், குத்தகைக்கு விட்டால் குத்தகைதாரர் காயை வெட்டிக்கொண்டு மரத்துக்கு உரம் வைக்கமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே வந்தேன். நம் வகுப்புச் சந்திப்பில் என்னைப் பார்த்து "நீதான்டா நிம்மதியா இருக்கே" என்று சொன்னவர்கள் எல்லாரும் ஒரு வெட்டுக் கூலியைக் கொடுத்துப் பார்த்தால் வேறு மாதிரிப் பேசுவார்கள்.

நான் வந்த நேரம் சுருள் வெள்ளை ஈ வந்த நேரம். 2016இல் இந்தப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பூச்சி ஓலையின் அடிப்பக்கத்தில் வெள்ளை மெழுகுச் சுருளாக முட்டையிடும். அது கசியவிடும் இனிப்பு நீர் கீழ் ஓலைகளில் வடிந்து கரும்பூசணம் படர, பச்சைத் தோப்பு கரிபூசியது போல நிற்கும். என் முதல் எண்ணம் மருந்தடிப்பதாகத்தான் இருந்தது. ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் அதைத் தடுத்தார்கள். பூச்சிக்கொல்லி அடித்தால் ஈயைத் தின்னும் என்கார்சியா ஒட்டுண்ணியும் செத்துப்போகும் என்றார்கள். மைதா மாவைக் காய்ச்சிக் கரைத்து ஓலைமேல் தெளித்தால், காய்ந்தபின் அது பொருக்காக உரிந்து விழும்போது பூசணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு விழும். மூட்டை மூட்டையாக மைதா வாங்கியபோது மளிகைக் கடைக்காரர் பரோட்டாக் கடை வைத்திருக்கிறேனா என்று கேட்டார்.

பண ஓட்டத்தைப் பற்றி நீ கேட்டாய். சம்பளக்காரன் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது காலதாமதத்தை. இன்று விரியும் பாளை காயாக முற்றி வெட்டுக்கு வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். இந்தக் கோடையில் தண்ணீர் விடாமல் போனதன் விளைவை அடுத்த ஆண்டு வெட்டில்தான் பார்ப்பாய். அதுவரை மரம் உன்னிடம் எதுவும் சொல்லாது. வேர்வாடல் நோய் வந்த மரங்களை வெட்டிவிட்டுக் கன்று வைத்தால், நெட்டை ரகம் பலனுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். 2024இலும் 2025இலும் காய்க்கு நல்ல விலை கிடைத்தது உண்மை. ஆனால் விலை ஏறியதற்குக் காரணமே விளைச்சல் குறைந்ததுதான் என்பதால், விலையைச் செய்தித்தாளில் படித்தவர்கள் கண்ட பணத்தை நாங்கள் காணவில்லை.

பழைய வேலையிலிருந்து உதவியது ஒன்றே ஒன்று: கணக்கு எழுதும் பழக்கம். எந்த வரிசையில் எந்த மரம், எத்தனை காய், எப்போது உரம் என்று தாளில் ஏற்றியபின்தான் தோப்பில் ஐந்தில் ஒரு பங்கு மரங்கள் தம் செலவுக்கே காய்ப்பதில்லை என்பது தெரிந்தது. சொட்டுநீருக்கு ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு விழுக்காடு மானியமும் மற்றவர்களுக்கு எழுபத்தைந்து விழுக்காடும் உண்டு. உனக்கு நான்கு ஏக்கர் என்பதால் சிறு விவசாயிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் முதலில் வாங்கிக்கொள். ஆனால் நான்கு ஏக்கரை நம்பி உன் மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் திட்டமிடாதே. என் வீடு நடப்பது என் மனைவியின் வங்கி வேலையால்; தோப்பு தன்னைத் தானே பார்த்துக்கொண்டு, நல்ல ஆண்டுகளில் கொஞ்சம் மிச்சம் கொடுக்கிறது.

பட்டறைக்காரன் (கோவை):

ஆழியாற்றான் எழுதியது அத்தனையும் உண்மை. நான் வேறொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். நம் வகுப்பில் இயந்திரத்தை விட்டுப் போகாத சிலரில் நானும் ஒருவன். பம்ப் கம்பெனி ஒன்றில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து, 2009இல் வெளியே வந்து, இரண்டு லேத்தும், கணினி வழி உலோகத்தைச் செதுக்கும் ஒரு வி.எம்.சி. இயந்திரமும் போட்டு, பிற கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துதரும் ஜாப் ஆர்டர் பட்டறை தொடங்கினேன். கோவையில் அப்படித் தொடங்குவது பெரிய துணிச்சல் இல்லை; அண்ணன் தொடங்கினார், மாமா தொடங்கினார், நாமும் தொடங்குவோம் என்கிற ஊர் இது. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தபோது வாரக்கூலி கொடுக்க நோட்டு இல்லை. மறு ஆண்டு ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது; எங்கள் ஜாப் ஆர்டர் வேலைக்கு 18 விழுக்காடு போட்டு, பின்பு 2019இல் 12 ஆகக் குறைத்தார்கள். அதன்பின் ஊரடங்கு. 2021இல் வார்ப்பிரும்பு விலை ஏறியது. 2022 செப்டம்பரில் மின்கட்டணத்தோடு நிலைக் கட்டணமும் ஏறியது. நிலைக் கட்டணம் என்றால் இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டவேண்டியது. ஆர்டர் இல்லாத மாதத்திலும் கட்டினேன்.

பட்டறையை மூடவைத்தது இவற்றில் எதுவும் தனியாக இல்லை. கொடுத்த வேலைக்குப் பணம் வர நூற்றிருபது நாள் ஆனதுதான் மூடவைத்தது. சிறுதொழில் சட்டம் 2006இலேயே நாற்பத்தைந்து நாளுக்குள் கொடுக்கவேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மும்மடங்கு கூட்டுவட்டி என்று சொல்லிவிட்டது. அதைக் கேட்டு முறையிட மாநில அளவில் மன்றமும் இருக்கிறது. முறையிட்டால் பணம் வரும், அடுத்த ஆர்டர் வராது. ஆகவே சிறுபட்டறைக்காரர்கள் அந்தப் படியேறத் தயங்குவார்கள். 2024 ஏப்ரல் முதல், உரிய காலத்தில் கொடுக்காத தொகையைக் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்டமுடியும் என்று வருமானவரிச் சட்டத்தில் கொண்டுவந்த பிறகு சில பெரிய கம்பெனிகள் கொஞ்சம் நகர்ந்தன. அதற்குள் நான் 2023இல் மூடிவிட்டேன். லேத்தை வாங்க வந்தவர் விலை பேசுவதற்கு முன் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்குக்கு அருகே, லேத்தின் அடித்தளமான பெட்டின்மேல் விரலை வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். தேய்மானம் எப்போதும் அங்கேதான் முதலில் விழும். நானும் 2009இல் அதை வாங்கும்போது அங்கேதான் தடவிப் பார்த்தேன்.

இப்போது ஒரு பெரிய தொழிற்சாலையில் சப்ளையர் தரத்தைச் சரிபார்க்கும் வேலை. நேர்முகத் தேர்வில் எதிரே இருந்தவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவருக்கு என் திறமையில் சந்தேகம் இல்லை. முதலாளியாக இருந்தவர் பிறர் சொல்வதைக் கேட்பாரா என்பதுதான் சந்தேகம். 1999இல் நம்மை மென்பொருள் நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போனதை நீ எழுதியிருக்கிறாய். அன்று நம்மை எடுத்ததற்குக் காரணம் நமக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. குறைந்த சம்பளத்துக்கு வந்தோம், சொன்னதைக் கற்றுக்கொண்டோம், இரவு எத்தனை மணிக்கும் உட்கார்ந்தோம். நாற்பத்தேழில் இந்த மூன்றும் நம்மிடம் இல்லை. அன்று போல இன்னொரு முறை எழுதாத பலகையாகப் போய் நிற்கமுடியும் என்று நினைத்தால் அது நடக்காது. இருபத்தைந்து ஆண்டில் சேர்த்ததில் ஏதோ ஒன்றுக்கு இன்னொரு இடத்தில் விலை இருந்தால் மட்டும்தான் கதவு திறக்கும். எனக்குத் திறந்தது, சப்ளையர் எங்கெங்கே ஒளித்துவைப்பார் என்பது எனக்குத் தெரியும் என்பதால். நானே சப்ளையராக இருந்தவன் அல்லவா.

வைப்புநிதி (பெங்களூரு):

என் பெயரைப் பார்த்தே நான் எதைப் பற்றி எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியும். சம்பளப் பட்டியல் துறையில் காலம் தள்ளுகிறேன். உணர்ச்சிகளை மற்றவர்கள் எழுதட்டும். நொய்யல்கரை, ராஜினாமா எழுதுவதற்கு முன் உன் மூன்று நிறுவனங்களின் வருங்கால வைப்புநிதிக் கணக்குகளும் வேலை மாறினாலும் மாறாத ஒரே யுஏஎன் எண்ணின் கீழ் முறையாக மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார். நம் வயதுக்காரர்கள் பலருக்கு 2000களின் தொடக்கத்துக் கணக்கு ஒன்று எங்கோ தனியாகக் கிடக்கும். அது சேராவிட்டால் அந்த ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கிலும் சேராது.

ஓய்வூதியம் என்றதும் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதே. ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பருக்கு முன் 6,500 ரூபாய், அதன்பின் 15,000 ரூபாய் என்பதால், உன் சம்பளம் எத்தனை லட்சமாக இருந்தாலும், இப்போது விட்டால் ஐம்பத்தெட்டு வயதில் கைக்கு வருவது மாதம் ஐயாயிரத்தைத் தாண்டாது. ஐம்பதிலேயே வேண்டும் என்று கேட்டால் முன்னதாக வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறைப்பார்கள். வைப்புநிதியில் உள்ள பெருந்தொகைக்கு வேலையை விட்ட பின்னும் ஐம்பத்தெட்டு வரை வட்டி சேரும். ஆனால் விட்ட நாளுக்குப் பிறகு சேரும் வட்டி உன் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். பணிக்கொடை தனி. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை இருபத்தாறால் வகுத்து, பதினைந்தால் பெருக்கி, இந்த நிறுவனத்தில் இருந்த ஆண்டுகளால் பெருக்கினால் வரும் தொகை. இருபது லட்சம் வரை வரி இல்லை.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது மருத்துவக் காப்பீடு. அலுவலகத்தின் குழுக் காப்பீட்டில் அப்பாவும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். நீ வெளியே வரும் நாளில் அது முடிந்துவிடும். ஸ்டென்ட் வைத்தவருக்குப் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை நான்கிலிருந்து குறைத்தது. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பாலிசி தரவேண்டும் என்றும் அதே ஆண்டில் சொன்னார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆகவே வேலையில் இருக்கும்போதே தனியாக ஒரு பாலிசி எடுத்துக் காத்திருப்புக் காலத்தை ஓடவிடு. அதே காப்பீட்டு நிறுவனத்தில் குழுவிலிருந்து தனிநபர் பாலிசிக்கு மாறினால் முன்பு கழித்த காலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். வேலையை விட்டு வந்த பிறகு அதைக் கேட்டுப் பயனில்லை. துறை மாற்றம் பற்றிப் பேசவரும் எவரும் இதைப் பேசுவதில்லை என்பது எனக்குப் பல நாள் எரிச்சல்.

முதற்கோரல் (சென்னை):

வணக்கம். நம் வகுப்பில் இருந்த பெண்கள் ஒரு பெஞ்சில் அடங்கிவிடுவோம். பலருக்கு என் நினைவே இருக்காது. நான் 2004இல் குழந்தை பிறந்ததும் வடிவமைப்பு வேலையை விட்டேன். பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் வீட்டில். ஆண்கள் நாற்பத்தேழில் வேலையை விட்டால் அது வாழ்க்கைத் திருப்பம், பெண்கள் இருபத்தேழில் விட்டால் அது இடைவெளி என்று எழுதும் வழக்கத்தைக் குறித்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

இப்போது நான் காப்புரிமை முகவர், அதாவது கண்டுபிடித்தவருக்காகக் காப்புரிமை விண்ணப்பத்தை எழுதித் தாக்கல் செய்பவர். பொறியியல் அல்லது அறிவியல் பட்டம் இருந்து, இருபத்தொரு வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் யாரும் இதற்கான தேர்வை எழுதலாம். மேல்வயது வரம்பு இல்லை. இரண்டு எழுத்துத் தாள்கள், ஒரு நேர்காணல். தாள்களில் ஐம்பது விழுக்காடும் மொத்தத்தில் அறுபது விழுக்காடும் வேண்டும். தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் என்று நம்பமுடியாது. நடத்தாமல் விட்ட ஆண்டுகளும் உண்டு. சட்டம் படித்தவர்களுக்குத்தான் இது என்று நினைத்துப் பலர் ஒதுங்குகிறார்கள். உண்மையில் இங்கே சட்டப் பட்டம் தகுதியில்லை, தொழில்நுட்பப் பட்டம்தான் தகுதி.

வேலை எப்படி இருக்கும் என்று ஒரு சிறு உதாரணம் சொல்கிறேன். கோவையில் பம்ப் செய்யும் ஒருவர், தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லரின் வாயருகே வைக்கும் தேய்வளையத்தில், கசிவைக் குறைக்க ஒரு பள்ளம் வெட்டிக் கொண்டுவந்தார். காப்புரிமைக் கோரலை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியை, எத்தனை நீளமானாலும் ஒரே வாக்கியமாக எழுதவேண்டும். அவர் கொண்டுவந்த மாதிரியில் அந்தப் பள்ளம் வட்டமாக இருந்தது. நான் முதல் வரைவில் 'வட்டமான பள்ளம்' என்று எழுதியிருந்தேன். எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது, கசிவைக் குறைப்பது பள்ளத்தின் ஆழமா அல்லது வடிவமா என்று அவரிடம் கேட்டேன். ஆழம்தான் என்றார். 'வட்டமான' என்ற சொல் இருந்தால், போட்டியாளர் அதே ஆழத்தில் சதுரப் பள்ளம் வெட்டிவிட்டு நிம்மதியாக விற்கலாம். அந்தச் சொல்லை எடுத்தோம். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதற்குக் காரணம் சட்டப் புத்தகம் இல்லை. மூன்றாம் ஆண்டு நீரியல் ஆய்வகத்தில் பம்பைப் பிரித்துப் பூட்டியதுதான். வீட்டில் இருந்த ஆண்டுகளில் அது எங்கும் போய்விடவில்லை.

பட்டறைக்காரர் எழுதியதோடு எனக்கு முக்கால்வாசி உடன்பாடு. ஒன்றைச் சேர்க்கிறேன்: சேர்த்து வைத்ததற்கு விலை இருந்தாலும், அந்த விலை கைக்கு வரும்வரை வீட்டில் இன்னொரு சம்பளம் வேண்டும். தேர்வில் தேறியபின் மூன்று ஆண்டுகள், ஒரு நிறுவனத்தில் இளையவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு வரைவு எழுதினேன். என் கணவரின் சம்பளம்தான் அந்த மூன்றாண்டுகளுக்கு மூலதனம். இதைச் சொல்லாமல் என் கதையை மகளிர் தினக் கூட்டங்களில் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்லச் சொல்கிறார்கள். நான் போவதில்லை.

இந்தத் துறையையும் பளபளப்பாகக் காட்ட விரும்பவில்லை. தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான்; தரவரிசைக்காக எண்ணிக்கை காட்டவேண்டிய கல்லூரிகள் கட்டுக்கட்டாக விண்ணப்பிக்கின்றன. அவற்றில் பலவற்றை வரைவு செய்யும்போது எழுதுகிறவருக்கே தெரியும், இதில் புதியது எதுவும் இல்லை என்று. கையில் வேலை வேண்டும் என்பதால் முதல் ஆண்டுகளில் அவற்றையும் எழுதவேண்டியிருக்கும்.

நகராதவன் (திருச்சி):

மாறாதவர்களும் எழுதலாம் என்று கேட்டதால் எழுதுகிறேன். பொதுத்துறையில் சேர்ந்த இடத்திலேயே இருக்கிறேன். இருபதுகளில் உங்கள் சம்பளத்தைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது; இப்போது நீங்கள் என் வேலை உறுதியைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறீர்கள். இரண்டிலும் பெரிய உண்மை இல்லை. வேலை எனக்குச் சலித்துப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. குடியிருப்பில் இருக்கும் நூலகத்தையும் பிள்ளைகளுக்கான சதுரங்க வகுப்பையும் பார்த்துக்கொள்கிறேன். அலுவலகம் மாலையோடு முடிந்துவிடுவதால் அது முடிகிறது. வேலையை மாற்றாமலே நாளின் மற்ற பாதியை மாற்றிக்கொள்வதும் ஒரு வழி என்பதை யாராவது சொல்லவேண்டும். உன் டெலிவரி வேலையில் மாலை என்று ஒன்று இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது.

நொய்யல்கரை (சென்னை):

எல்லாருக்கும் நன்றி. நகராதவனின் கேள்விக்குப் பதில்: இல்லை. அமெரிக்க வாடிக்கையாளர் என்பதால் என் மாலைதான் அவர்களுடைய காலை. வைப்புநிதி எழுதியதைப் படித்துவிட்டு யுஏஎன் பார்த்தேன். 2003 வரை இருந்த முதல் நிறுவனத்தின் கணக்கு இன்னும் மாறவில்லை. அப்பாவின் பாலிசி குறித்து மனைவியிடம் பேசிவிட்டேன். ராஜினாமா பேச்சை எடுத்த நாளிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் சண்டையில்லாமல் பேசிய முதல் விஷயம் அதுதான்.

தோப்பைப் பற்றிய கனவை ஆழியாறு நன்றாகக் கலைத்துவிட்டான். நிலத்தை விற்கப்போவதில்லை, ஆனால் அதை வருமானக் கணக்கில் எழுதமாட்டேன். ஆகவே கேள்வியைச் சுருக்குகிறேன். என்னிடம் முதுகலைப் பட்டம் இல்லை. தொழில்துறை அனுபவம் உள்ளவர்களைப் பட்டமேற்படிப்பு இல்லாமலே பேராசிரியராக எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதி கொண்டுவந்திருப்பதாகப் படித்தேன். அந்த வழி நடைமுறையில் எப்படி இருக்கிறது? நம் வகுப்பில் கல்லூரியில் இருப்பவர் யாராவது சொல்லமுடியுமா?

கரும்பலகை (நாமக்கல்):

நான் 2002 முதல் கல்லூரியில்தான் இருக்கிறேன். மூன்று கல்லூரிகள் பார்த்துவிட்டேன். நீ சொல்வது 'பணியனுபவப் பேராசிரியர்' என்கிற ஏற்பாடு, 2022இல் வந்தது. பதினைந்து ஆண்டு அனுபவம் இருந்தால் போதும், அது மூத்த நிலையில் இருந்தால் நல்லது. முனைவர் பட்டமோ முதுகலையோ கட்டாயம் இல்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்குமேல் இப்படி எடுக்கக்கூடாது. முதலில் ஓராண்டுக்கு எடுப்பார்கள், மூன்று ஆண்டுவரை நீட்டிக்கலாம், விதிவிலக்காக இன்னோர் ஆண்டு. அதாவது இது உன் ஐம்பத்தெட்டு வயது வரைக்குமான வேலை இல்லை. நிரந்தர உதவிப் பேராசிரியராக வேண்டுமானால் எம்.இ. வேண்டும், அதை இப்போது தொடங்கி முடிக்கும்போது உன்னோடு நேர்முகத் தேர்வுக்கு உன்னைவிட மிகவும் இளையவர்கள் முனைவர் பட்டத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

தனியார் கல்லூரியின் உள்நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டியிருந்தன, பல மூடப்பட்டுவிட்டன. கணினி சார்ந்த பிரிவுகள் நிரம்ப, நம் இயந்திரவியல் இடங்கள் காலியாகக் கிடந்த ஆண்டுகளில், எனக்குக் கோடை விடுமுறை என்பது பிளஸ் டூ எழுதிய மாணவர்களின் வீடுகளுக்குக் கல்லூரிக் கையேட்டோடு போய் நிற்பதுதான். ராசிபுரத்துக்கு அருகே ஒரு வீட்டில், தறியை நிறுத்தாமலே அந்த அம்மா என்னிடம் கேட்டார், "உங்க பையன இதுல சேத்துவீங்களா சார்?" என் மகன் வணிகவியல் படிக்கிறான். இத்தனைக்கும் நடுவே வகுப்பறை எனக்குப் பிடிக்கிறது. இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் திருப்புவிசை வரைபடம் முதல்முறை ஒரு மாணவனுக்குப் புரியும் நேரத்தில் அவன் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு அலுப்பதில்லை.

உனக்கு என்ன கிடைக்கும் என்று வெளிப்படையாகச் சொல்வதானால், கணினித் துறையில் உன்னைப் போன்றவருக்குத் தேவை இருக்கிறது. வங்கி மென்பொருள் நள்ளிரவில் நின்றுபோனால் யாரை எழுப்பவேண்டும், வாடிக்கையாளருக்கு என்ன எழுதவேண்டும் என்பதைப் பாடத்திட்டத்தில் எவரும் சொல்லித்தருவதில்லை. எங்கள் ஆசிரியர்களுக்கும் அது தெரியாது. சம்பளம் நீ இப்போது வாங்குவதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் என்று நினைக்காதே. நாமக்கல், ஈரோட்டுப் பக்கம் என்றால் அதையும் பேரம் பேசுவார்கள்.

முதற்கோரல் (சென்னை):

கரும்பலகை சொன்ன நான்கில் ஒரு பங்கை வைத்து ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வீட்டுக்கடன் முடிந்தபின், மகளின் முதலாண்டுக் கட்டணத்தைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மிச்சச் செலவை அந்தத் தொகைக்குள் இப்போதே ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். மீதிச் சம்பளத்தை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். நாங்கள் வீட்டில் செய்தது இதுதான். இரண்டாம் மாதத்திலேயே எது தாங்கும், எது தாங்காது என்று தெரிந்துவிட்டது. உங்கள் மனைவியிடமும் ஒன்று கேளுங்கள்: இரண்டு கடைக் கணக்கை ஐந்து கடைக் கணக்காக்க அவருக்கு விருப்பம் இருக்கிறதா என்று. உங்கள் கேள்வியில் அவர் ஒரே ஒரு வாக்கியத்தில் வந்துபோகிறார்.

கரும்பலகை (நாமக்கல்):

அது நல்ல யோசனை. இன்னொன்றும் செய். எங்கள் கணினித் துறைத் தலைவரிடம் பேசுகிறேன்; விருந்தினர் விரிவுரைக்கு ஒரு வேலைநாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு வா, சனிக்கிழமை வேண்டாம். காலையில் பேசிவிட்டுச் சால்வையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதே. மதியத்துக்குமேல் கடைசி வரிசை தூங்கும் நேரத்தில் ஒரு வகுப்பு எடு, பிறகு நான்கரை மணிக்கு நடக்கும் துறைக் கூட்டத்தில் என்னோடு உட்கார். அங்கீகாரக் குழுவுக்கான கோப்புகளை யார் எத்தனை நிரப்பினார்கள் என்று கேட்பார்கள், ஏழு மணி ஆகும். சேலம் சந்திப்பில் இறங்கினால் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.